பதினோரு முகம், ஒரு வாளி

எல்லாரும் நல்லா இருக்கீகளா? சாரல் விட்டு விட்டு அடிக்கிற காலம். சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டால் சொல்லத் தொடங்கிவிடுவேன். கம்பத்தில் நடந்த கால்பந்துச் சங்கதி இது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி நாலு. இறுதிப் போட்டி. இடைவேளை முடிந்து பந்து அப்போதுதான் உருளத் தொடங்கியிருந்தது. முல்லை கிளப்பின் பையன் ஒருவன் தூரத்திலிருந்து ஒரு உதை விட்டான். பெரிய உதை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காலால் நிறுத்திவிடும். ஆனால் சுருளி பாய்ஸ் கோல்கீப்பர் விஜயகுமார் பந்தைப் பார்க்கவே இல்லை. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான்.

“கண்ணு! ஆத்தா, கண்ணு!”

பந்து அவனைத் தாண்டி ஆடி அசைந்து வலைக்குள் போய் நின்றது. முல்லை ஒன்று, சுருளி சுழியம்.

விசில் ஊதியது ஷர்மின். உத்தமபாளையத்தில் விளையாட்டு டீச்சர், ஜில்லாவில் பேர் வாங்கிய நடுவர். ஊதிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோலுக்குக் கொஞ்சம் முன்னால் விஜயகுமார் கையைத் தூக்கிக் காட்டியிருந்தான். நேரத்தைக் கடத்த நாடகம் போடுகிறான் என்று நினைத்து, ஆடுங்கள் என்று அவள்தான் கையைக் காட்டிவிட்டாள்.

இன்னொன்றும் அவள் காதில் பட்டது. முல்லை கோல் அடித்தால் பச்சைப் புடவைக்காரிகள் போடும் குலவையில் மைதானமே அதிரும். அன்றைக்குக் குலவை வந்தது. ஆனால் தாமதமாக, தாளம் தப்பி, மேளக்காரர் இல்லாத கல்யாணம் மாதிரி வந்தது.

இந்த இரண்டு கிளப்பும் ஊரை இரண்டாகப் பிளந்துவைத்திருந்ததைச் சொல்லியாக வேண்டும். முல்லை பச்சை, சுருளி மஞ்சள். ஆட்டோவில் ரிப்பன், டீக்கடையில் கொடி, பேக்கரியில் கேக்கின் க்ரீம்கூடக் கட்சி கட்டி நின்றது. ஒரு வீட்டில் பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளை எந்த டீம் என்று விசாரித்த பிறகுதான் என்ன வேலை என்று கேட்டார்கள். இந்த வருஷம் பச்சையின் கை ஓங்கியிருந்தது. சுருளியின் செயலாளர் ராக்கப்பனுக்கு அதில் தூக்கமே இல்லை.

விஜயகுமாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றுக் கோல்கீப்பர் காய்ச்சலில் படுத்திருந்ததால் தடுப்பு ஆட்டக்காரன் ஒருவன் போஸ்ட்டில் நின்றான். ஆட்டம் அதே ஒன்றுக்குச் சுழியத்தில் முடிந்தது. டாக்டர் வந்து கண்ணைக் கழுவிவிட்டு, “மிளகாய் பட்டிருக்கு. பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. ராத்திரிக்குள்ள தெளிஞ்சிரும்” என்றார்.

அவ்வளவுதான், ராக்கப்பன் போட்டி நடத்தும் கமிட்டியின் பந்தலுக்குள் புயலாக நுழைந்தார்.

“பாத்தீகளா! இடைவேளையில மூஞ்சி கழுவ வாளித் தண்ணி கொண்டாந்தது யாரு? முல்லைக்காரப் பய சதாம்! தண்ணியில மொளகாப்பொடி கலந்துட்டான். கப்பை எங்களுக்குக் குடுங்க. முல்லையை மைதானத்துக்குள்ளயே விடாதீக. அந்தப் பய பேரை ஜில்லாவுல இருந்தே அடிங்க!”

“அந்த வாளி எங்கன?” என்றாள் ஷர்மின்.

“கோவத்துல நான்தான் எத்திவிட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணுனீக.”

சதாம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயசு, முல்லையின் மாற்று ஆட்டக்காரன். மறுநாள் விடிகாலை கோட்டயத்தில் ஒரு பெரிய கிளப் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போகிறான். கமிட்டியின் கையெழுத்து இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஒரு புகார் ஏறிவிட்டால் கையெழுத்து கிடையாது. கமிட்டிக்காரர்கள் ஆறு மணிக்கு முடிவு சொல்வதாக எழுந்தார்கள். முடிவுக்கு நடுவரின் வாய்வார்த்தை வேண்டும்.

மணி ஐந்தேகால்.

“சதாம், இங்கன வா. தண்ணி எங்க பிடிச்ச?”

“எங்க பக்கத்துக் குழாயில டீச்சர். அவுக பக்கம் குழாய் இல்லல்ல? எப்பவும் நாங்கதான் குடுப்போம்.”

“யாராச்சும் வாளிகிட்ட வந்தாகளா?”

“இல்ல டீச்சர். நானே அதுல ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன். எங்கம்மா நசீமா ஊர் பூரா சொல்லி வச்சிருக்கு டீச்சர். எம் மவன் கோட்டயம் போறான்னு.”

ஷர்மின் சுருளி ஆட்டக்காரர்களிடம் போனாள்.

“முதல்ல மூஞ்சி கழுவுனது யாரு?”

“நான்.”

“கண்ணு எரிஞ்சுச்சா?”

“இல்லையே.”

“விஜயகுமாருக்கு அடுத்துக் கழுவுனது?”

“நான்தான். எனக்கும் ஒண்ணும் இல்ல. தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு.”

எல்லாரும் கையை விட்டு அள்ளித்தான் கழுவியிருக்கிறார்கள். விஜயகுமார் நடுவில். அவனுக்கு முன்னும் எரியவில்லை, பின்னும் எரியவில்லை. பதினோரு முகம், ஒரு வாளி. எரிந்தது ஒரே ஒரு ஆளின் கண். பொடி தண்ணீரில் இருந்திருந்தால் அது ஆள் பார்த்தா எரியும்?

விஜயகுமார் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். கையில் ஒரு டம்ளர் மோர். குடிக்கவில்லை, விரலை விட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, மோருல கையை நனைக்கிற?”

“கண்ணு தேவல டீச்சர். விரலு காந்துது.”

“எப்ப இருந்து?”

“மொத ஆட்டத்துலயே லேசா காந்துச்சு. புதுக் கிளவுஸுல்ல, நம்ம மஞ்சக் கட்சி வசூல் பண்ணி வாங்கிக் குடுத்தது. அதான் அப்பிடின்னு நெனச்சேன். உள்ள மணலு மாதிரி நெருநெருன்னும் இருந்துச்சு.”

“விஜயகுமாரு, மத்தப் பத்துப் பேருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?”

“சட்டைக் கலரு வேற.”

“அப்புறம்?”

அவன் எரியும் கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தான். “கிளவுஸு.”

“அதைக் குடு.”

ஷர்மின் கைக்குட்டையை விரித்து, கிளவுஸின் உட்பக்கத்தை வெளியே புரட்டி உதறினாள். மிளகாய் விதைகள் விழுந்தன. காய்ந்த மிளகாய்த் தோல் இரண்டு துணுக்கு. பின்னாலேயே வியர்வையில் பாதி கரைந்த கல்லுப்பு. கடைசியாகக் கறுப்பாக, குட்டியாக மூன்று கடுகு.

எட்டிப்பார்த்த ராக்கப்பன் துள்ளினார். “மொளகா! சொன்னேன்ல! வாளி இல்லாட்டி கிளவுஸு. எப்பிடியும் அது முல்லைக்காரன் வேலைதான்!”

ஷர்மின் கடுகை விரல் நுனியால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இன்னைக்கு உன் பை எங்கெங்க இருந்துச்சு?”

“என் தோளுலதான்.”

“சாப்பிடும்போதுமா?”

விஜயகுமார் சுற்றும் முற்றும் பார்த்தான். “டீச்சர், சத்தமாச் சொல்லாதீக. மத்தியானம் கொல்லை வழியாப் போய்ச் சங்கிலி அத்தை வீட்டுல சாப்பிட்டேன். அங்கனதான் பை இருந்துச்சு. ராக்கப்பண்ணனுக்குத் தெரிஞ்சா எதிரி வீட்டுல சோறு தின்னுட்டான்னு டீமை விட்டே தூக்கிருவாரு.”

சங்கிலியம்மாள்! பச்சைப் புடவைக் கூட்டத்துக்கே தலைவி. அவர் தொடங்கினால்தான் குலவை. மைதானத்துக்குப் பின்தெருவில் வீடு. தாயில்லாத விஜயகுமாரைத் தூக்கி வளர்த்த அத்தையும் அவர்தான். அவன் சுருளிக்கு ஆடப் போன நாளிலிருந்து தெருவில் அவனோடு பேசுவதில்லை. வீட்டுக்குள் வந்தால் மட்டும் நெஞ்செலும்புக் குழம்பு.

மணி ஐந்தரை.

சங்கிலியம்மாள் பச்சைப் புடவையோடு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். டீம் ஜெயித்த வீட்டில் ஒரு சிரிப்பு இல்லை.

“பெரியம்மா, உங்க டீமு ஜெயிச்சிருச்சு. நீங்க வரலையா?”

“மேலுக்கு முடியல தாயி.”

“கோல் விழுந்தப்பவே முடியலயோ? உங்க குரலைக் காணோமே.”

சங்கிலியம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

ஷர்மின் எதிரில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தாள்.

“இது உங்க மருமகன் கிளவுஸுக்குள்ள இருந்துச்சு. கிளவுஸு மாட்டியிருக்கும்போது விரலு கண்ணுல படாது. அதான் மொத ஆட்டம் பூரா ஒண்ணும் ஆகல. இடைவேளையில கழட்டிட்டு அதே கையால மூஞ்சி கழுவியிருக்கான். கழுவக் கழுவ எரிஞ்சிருக்கு. தண்ணியில ஒண்ணும் இல்ல. கையிலதான் இருந்துச்சு.”

“அதுக்கு நான் என்ன பண்ண? எதிரிக் கட்சிக்காரி வேலைன்னு சொல்ல வந்தியா?”

“மொளகா மட்டும் இருந்திருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். கெடுக்கணும்னு நெனைக்கிறவுக எதுக்குக் கல்லுப்பும் கடுகும் போடப் போறாக? எங்க வீட்டுலயும் பிள்ளைகளுக்குச் சுத்திப் போடுவாக பெரியம்மா. எனக்குத் தெரியும்.”

சங்கிலியம்மாள் கைக்குட்டையைத் தள்ளிவைத்தார். அப்புறம் மடை திறந்த மாதிரி வந்தது பேச்சு.

“என்ன செய்யச் சொல்ற? அரையிறுதியில அந்தப் பய அஞ்சு பந்தைப் பிடிச்சான். ஊரு பூரா அவன் கையைப் பத்தியே பேச்சு. கண்ணு படாதா? தலையைச் சுத்திப் போடலாம்னா வாசல்ல பச்சைச் சேலைக்காரிக எல்லாரும் நிக்கிறாளுக. மஞ்சச் சட்டைக்காரனுக்குச் சுத்துனா என்னைய விட்டுவைப்பாளுகளா? அவன் சாப்பிட்டுக் கை கழுவப் போனான். கைக்குத்தான கண்ணு பட்டிருக்குன்னு அந்தக் கிளவுஸுக்குள்ளயே மொளகா, உப்பு, கடுகு எல்லாத்தையும் போட்டு மூணு சுத்துச் சுத்தி அடுப்புல கொட்டுனேன்.”

“மொளகா முழுசா இருந்துச்சா, நொறுங்கியிருந்துச்சா?”

“பழைய வத்தல் தாயி, தொட்டாலே பொடியுது. அடுப்புல போட்டா ஒரு கமறல் இல்ல, தும்மல் இல்ல. அடேங்கப்பா, அம்புட்டுக் கண்ணும் கழிஞ்சிருச்சுன்னு சந்தோசமா மைதானத்துக்கு வந்தேன்.”

“பாதி மொளகா கிளவுஸுலயே தங்கிருச்சு. பெறகு எப்பிடிக் கமறும்?”

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். “அவன் கண்ணுன்னு அலறுனப்பவே எனக்கு வெளங்கிருச்சு. என் கையாலயே எம் பிள்ளை கண்ணைக் கெடுத்துட்டேனே! யாருகிட்டயும் சொல்லிராத தாயி. ரெண்டு பக்கமும் காறித் துப்புவாக.”

“நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லலைன்னா பழி சதாம் மேல விழுந்திரும். அவன் கோட்டயம் போக முடியாது.”

“நசீமா மவனா?” சங்கிலியம்மாள் வெடுக்கென்று நிமிர்ந்தார். பச்சைக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிற இரண்டு பேர், அவரும் நசீமாவும். “அவனையா மாட்டி விட்டாக?”

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார். செருப்பைக்கூடத் தேடவில்லை.

பந்தலில் ஆறு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். ஷர்மின் சதாமைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

“வாளித் தண்ணியில கலப்படம் இல்ல. அதுல பதினோரு பேரு மூஞ்சி கழுவியிருக்காக. இந்தப் பய குடிச்சிருக்கான். மொளகா இருந்தது கிளவுஸுக்குள்ள. அதை யாரு போட்டாகங்கிறதை—”

“நான்தான்.”

சங்கிலியம்மாள் நடுவில் வந்து நின்றார். சுத்திப்போட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல பச்சைப் பக்கம் வாயைப் பிளந்தது. மஞ்சள் பக்கம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முழித்தது.

ராக்கப்பன் விடுவாரா? “அப்ப இது வெளியாள் இடைஞ்சல்! கோல் செல்லாது!”

“எது வெளியாள்?” என்றாள் ஷர்மின். “உங்க கோல்கீப்பரு, உங்க கட்சி வாங்கிக் குடுத்த கிளவுஸு, அவனோட சொந்த அத்தை. இதுல முல்லை டீமு எங்கன வருது? கோல் கோல்தான். சதாமுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தார்கள். நசீமா ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பி, தனியாக நின்ற சங்கிலியம்மாளையும் சேர்த்து இழுத்துக்கொண்டார்.

பச்சைக் கூட்டத்தில் ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். “ஏன்டி சங்கிலி, நீ எந்தக் கட்சி? இப்பவே சொல்லிரு.”

“டீமு முல்லை. பய என் பய. இதுல உனக்கு என்னடி குழப்பம்?”

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பச்சைச் சட்டைக்காரன் கத்தினான். “ஏலே, அப்ப இன்னைக்குக் கோல் போட்டது யாரு? நம்ம சங்கிலியம்மாதான்டா!”

பந்தல் வெடித்துச் சிரித்தது. மஞ்சள்காரர்களும் அடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ராக்கப்பன் மட்டும் தண்ணீர் கேட்டார். சிறந்த ஆட்டக்காரருக்கு வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து சங்கிலியம்மாள் கழுத்தில் போட்டார்கள். அவர் அதைக் கழற்றி வீசிவிட்டு, மரத்தடியில் இருந்த மருமகனிடம் அழுதுகொண்டே ஓடினார்.

விஜயகுமார் சிவந்த கண்ணோடு அவரை அண்ணாந்து பார்த்தான். “அத்தே, நீங்க எங்க டீமுக்கு வந்திருங்க. உங்களை எதிர்ல வச்சிக்கிட்டு எங்களால ஆட முடியாது.”

“போடா மஞ்சப் பயலே” என்று சொல்லிவிட்டு, ஊரே பார்க்க அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, மோரில் முந்தானையை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.

இதுதான் சங்கதி. உங்கள் ஊரிலும் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும். நல்லது செய்யப் போய் சொந்த ஆளையே கவிழ்த்துவிட்ட அத்தையோ, மாமனோ, சித்தப்பனோ இருப்பார்கள். பந்தாட்டமோ, சடுகுடோ, கோயில் திருவிழாவோ, எதில் நடந்தது, யார் கண்டுபிடித்தார்கள், கடைசியில் சிரித்தீர்களா சண்டை போட்டீர்களா என்று எனக்கு விவரமாக எழுதுங்கள். பேரை மாற்றி எழுதினாலும் சரிதான்.