அஸருக்குப் பிறகு கேட்ட அறிவித்தல்

கிட்ட வாருங்கள், மக்காள். இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்கள். பயமான கதைதான், முடியும்வரை நான் உங்களோடுதான் இருப்பேன்.

நாவிதன்வெளிப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் நெல் வயலாகக் கிடக்கிற வட்டைக்கு நடுவே, மேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற நாலைந்து வீடுகளில் ஒன்று பஸ்மிலாவுடையது. அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காலையில் உரம் எடுக்க ட்ரக்டரில் கல்முனைக்குப் போன புருசன் ஹமீட் பின்கதவால் உள்ளே வந்தான். ஸலாம் சொல்லவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் அப்படி வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"உரம் கிடைச்சதா?"

"புள்ள எங்க?"

"வந்ததும் வராததுமா மகளத்தான் தேடுறீங்க. நான் ஒருத்தி இரிக்கிறது கண்ணுக்குத் தெரியல்ல."

அவன் சிரிக்கவில்லை. மூன்று வயது ஹனீனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவடியில் நின்றான். கடற்கரைப் பக்கமிருந்து எழும்பிய காற்று வட்டை முழுக்கப் பயிரைச் சாய்த்துச் சாய்த்து வந்து கூரைத் தகரத்தை மெல்லத் தட்டியது. அதோடு வாய்க்கால் சேற்றின் வாடையும், காயாமல் மடித்து வைத்த துணியின் வாடையும் குசினிக்குள் நிறைந்தன. அந்த வாடை ஹமீடின் மேலிருந்து வருகிறது என்பது அவளுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இங்கே தெளிவாகக் கேட்கும். இப்போதும் கேட்டது. ஊரில் யாரோ இறந்துபோன ஜனாஸா அறிவித்தல். யாரென்று அறிய, கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள்.

"...உதுமாலெவ்வையின் மகனும், பஸ்மிலாவின் கணவரும், ஹனீனாவின் தகப்பனுமான ஹமீட் அவர்கள் வபாத்தானார்கள்..."

பஸ்மிலா திரும்பிப் பார்த்தாள். அவன் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச... உங்கட பேரச் சொல்றாங்க."

"ஓம்," என்றான்.

போன் அடித்தது. தம்பி மிஹ்லார். அழுதிருந்தான்.

"ராத்தா, எத்தின தரம் எடுத்த நான், லைன் கிடைக்கல்ல. மச்சான்ட ட்ரக்டர் வாய்க்காலுக்க பிரண்டுட்டு. மச்சானக் கொண்டு வந்திரிக்கம். வாசல்லதான் நிக்கிறம், கதவத் திறங்க."

முன்கதவில் தட்டும் சத்தம். போனிலும் அதே சத்தம்.

"மகள், உம்மாக்கிட்ட வாங்க." பஸ்மிலா கையை நீட்டினாள்.

"வாப்பாட கை குளிருது," என்றாள் பிள்ளை, அவன் தோளில் சாய்ந்தபடி.

"புள்ளயத் தாங்க."

"கொஞ்ச நேரம் வெச்சிரிக்கன் புள்ள." ஹமீடின் குரலேதான். அதே கனிவு.

வெளியே இருப்பது வேறு யாராவதாக இருந்தால், இவன்தான் ஹமீட். ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். முன்கதவடிக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெள்ளைத் துணி. மிஹ்லார் முகத்தடியில் விலக்கினான்.

ஹமீட். புருவத்தில் சேறு.

திரும்பினாள்.

பின்கதவடியில் ஆளில்லை.

பிள்ளை இருந்தாள். ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. தலை எதன் மீதோ சாய்ந்திருந்தது. முடியை ஏதோ கோதியது.

பஸ்மிலா ஓடினாள்.

பிள்ளை பின்வாசலைக் கடந்தாள். வரம்பைக் கடந்தாள். ஒருவன் நடக்கிற அசைவோடு, மெதுவாக, பச்சைப் பயிருக்கு மேலே. எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். உம்மாவைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டே.

மக்காள், உங்கள் வீட்டில் உள்ள எல்லாரையும் அல்லாஹ் பொழுதோடு வீடு சேர்க்கட்டும். உங்கள் பிள்ளைகளை உங்கள் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். ஆமீன்.