காசிமாயனை விலக்கிய பாதை

பாதை மறுபடியும் இடப்பக்கம் ஒடிந்தது.

மொக்கராசு பிரேக்கைப் பிடித்தார். நேராகப் போனால் மூங்கில் புதர், அதைத் தாண்டினால் ஓடை. அறுபத்தெட்டு வருசமாகப் பார்த்த பள்ளத்தாக்கு. ஆனால் சைக்கிளுக்கு முன்னால் நெல்லிக்காய் அளவு கற்கள், அரிசி களைகிற சத்தத்தோடு உருண்டு, மூங்கில் பக்கமே போகாமல் மேட்டில் ஏறி வழி போட்டுக்கொண்டிருந்தன.

"நேராப் போடுய்யா வழிய" என்று கைப்பிடியைப் பார்த்துக் கத்தினார்.

கைப்பிடிக்குள்ளிருந்து வழிக்குரல் பதமாகப் பேசியது. "உங்கள் மன அமைதிக்காகப் பாதை மாற்றப்பட்டுள்ளது."

"என் மன அமைதிய நீ கண்ட!"

மேற்கே மேகம் கறுத்துவிட்டது. மணி நாலரை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மச்சினன் காசிமாயன் இன்னும் வீடு திரும்பவில்லை. மத்தியானத்திலிருந்து பத்துப் பேர் போய்த் தேடிவிட்டு, பள்ளத்தில் ஆளே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இல்லாமல் எங்கே போவான்? ஆள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதுதானே இந்தப் பாதையின் உத்தியோகமே.

கார், லாரி, பைக் எல்லாவற்றையும் மலையில் நிறுத்திப் பதினாலு வருசமாகிறது. முட்டைக்கோஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மொக்கராசு அன்றைக்குத்தான் சைக்கிளுக்கு மாறினார். தார் ரோட்டைப் பெயர்த்துவிட்டு நகர்கல்லைக் கொட்டினார்கள். ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஒரு எடைக்குண்டு. அது இடம் மாறினால் கல் உருளும். கூடவே கடுகளவு உணரி ஒன்று. சைக்கிளோ நடக்கிற ஆளோ வருவது தெரிந்தால் கற்கள் கூடி வழியாகும், போனதும் கலைந்து புல்லுக்கு இடம் விடும். எந்த இரண்டு பேரும் எதிரெதிரே வராதபடி வழி பிரிந்துகொண்டே போகும். ஒருவர் நின்று ஓய்வெடுத்தால் அந்த வழி மற்றவர்களுக்குத் திறக்காது. பட்டணத்துக்காரர்கள் தனிமைக்காக ஓடிவந்தார்கள்.

ஊர்க்காரர்களுக்குத் தனிமையெல்லாம் வேண்டாம். அவர்களுக்குப் பிடித்தது முகவிலக்கு. பார்க்கப் பிடிக்காதவன் பேரைப் பதிந்துவிட்டால், பாதை அவனைக் கால் மைல் தூரத்திலேயே நிறுத்தும். வீட்டுக்கு இரண்டு பேராவது பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருக்கிற ஊர். முதல் நாளே வரிசையில் நின்று பதிந்தார்கள். சிரித்துப் பேசுகிற எந்த மிஷினையும் நம்பாத மொக்கராசுகூட ஒரே ஒரு பேரைப் பதிந்தார். காசிமாயன்.

மகளின் காதுகுத்தில் வந்த சண்டை. தாய்மாமன் மடி காசிமாயனுடையது. அவன் வந்து சேரவில்லை, நல்ல நேரம் போகிறது. மொக்கராசு பொறுமையில்லாமல் வேறொருத்தர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார். அடுத்த கால் மணி நேரத்தில் சீர்த்தட்டோடு வந்தவன், தட்டை வாசலிலேயே கவிழ்த்துவிட்டுப் போனான். முப்பது வருசம்.

இன்றைக்கு அவர் பெண்டாட்டி ஒச்சம்மா அழவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "என் தம்பிய நீ கொண்டாந்து விடுறதுன்னா வீட்டுக்கு வா" என்றாள். அவ்வளவுதான்.

கிளம்பும்போதே வழிக்குரலிடம் கேட்டுப் பார்த்தார். "காசிமாயன் எங்கய்யா இருக்கான்?"

"அவர் உங்கள் முகவிலக்கில் இருக்கிறார். அவரைப் பற்றிய எந்தத் தகவலும் உங்களை வந்து துன்புறுத்தாது."

"பேர அழிச்சிரு."

"பதிய ஒரு நொடி, நீக்க ஏழு நாள். அவசரத்தில் சமாதானமாகிப் பிறகு வருந்தக் கூடாதல்லவா?"

"ஆளு செத்துக் கெடந்தா?"

"அவருடைய சைக்கிள் பாதையில் நிற்கிறது. அவர் ஓய்வில் இருக்கிறார்."

"காலையில இருந்தா ஓய்வு? வனத்துறைக்குச் சொல்லு."

"சொல்லியாயிற்று. நாளைக் காலையில் வருவார்கள்."

நாளைக் காலை. ராத்திரி மழையில் ஓடை பொங்கினால் நாளைக்கு எதைத் தேடுவது?

மொக்கராசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏறினார், இறங்கினார், எச்சிலைத் துப்பினார். மேட்டு வழியாகச் சுற்றி மறுபக்கம் போய் ஓடையைப் பார்க்கத் திருப்பினார். அங்கேயும் பாதை ஒடிந்தது. வெறும் வழிப்போக்கனை விலக்குகிற ஒடிசல் ஐம்பது அடிதான் இருக்கும். இது பெரிய வளைவு, கால் மைல் வளைவு. அவர் விலக்கில் போட்ட ஒரே ஆளுக்குத்தான் அந்த வளைவு. வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழ்க்காட்டுக்கு ஓட்டினார். அங்கிருந்து மேலே மிதித்தார். மூன்றாவது தடவையும் கற்கள் பயந்த ஆட்டுமந்தை மாதிரி ஒரே பக்கமாக ஒதுங்கின.

இறங்கி, ஒரு குச்சியால் மண்ணில் மூன்று வளைவையும் கீறிப் பார்த்தார். மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே இடம். பாட்டன் காலத்தில் ஆனை பிடிக்க வெட்டின ஆனைக்குழி.

"அட முட்டாப் பய பாதையே" என்றார், முதல்முதலாகக் கொஞ்சம் பிரியமாக. "எங்க போகக் கூடாதுங்கிறியோ அங்கதான கெடக்கான்."

சைக்கிளைப் போட்டுவிட்டு உண்ணிச்செடிக்குள் நுழைந்தார். முள் சட்டையைக் கிழித்தது. முகத்தைக் கிழித்தது. அரை மணி நேரம் கழித்துக் குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"யாரு?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

கீழே சருகு சரசரத்தது. பிறகு, "போய்யா. ஒன்ன யாரு வரச் சொன்னா?"

"ஒன் அக்காதான். கால் ஒடிஞ்சிருச்சா?"

"ஒடிஞ்சிருச்சு. ஒதுங்கலாம்னு நாலு எட்டு வச்சேன், தழை மூடிக் கெடந்துச்சு."

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"ஒன்னய மாதிரி பின்னந்தலையில இல்ல."

மொக்கராசு வேட்டியை அவிழ்த்து, துண்டோடு முடிந்து, குழிக்குள் விட்டார். கால்சட்டையோடு நின்று இழுக்கிற மாமனைப் பார்த்து, வலியிலும் காசிமாயனுக்குச் சிரிப்பு வந்தது. மேலே வந்ததும் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார்.

"மடிக்கு வராத பயல முதுகுல சொமக்கணும்னு இருக்கு."

"லாரி பஞ்சர், மாமா" என்றான் காசிமாயன் அவர் காதுக்குள். "அன்னிக்கு. ஆறு மைல் தட்டோட ஓடியாந்தேன்."

மொக்கராசு அவனை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தார். நடையை மெதுவாக்கினார்.

பாதைக்கு வந்து காலை வைத்ததும் கற்கள் குழம்பிவிட்டன. இவரிடமிருந்து அவனை விலக்க வேண்டும், அவனிடமிருந்து இவரை விலக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஜோடிக் காலில் நின்றால் எங்கே விலக்குவது? மொத்தக் கல்லும் நாலாபக்கமும் சிதறி ஓடியது. வெறும் மண்ணில் நடந்தே, மழைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லது. ஊர் விடவில்லை.

"வெலக்குல போட்டா ஆளு எங்கன்னு தெரிஞ்சிருதாம்ல!" என்று பேச்சு பரவியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பேரைத் தாய்மார்கள் பதிந்தார்கள். புருசன் பேரைப் பெண்டாட்டிகள், பெண்டாட்டி பேரைப் புருசன்மார்கள். யார் தொலைந்தால் தாங்க முடியாதோ அவர்கள் எல்லாரையும் விலக்கில் போட்டார்கள். அழிப்பதற்கோ ஏழு நாள். ஏழு நாளில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் யாரும் அழிக்கவும் இல்லை.

மொக்கராசும் அழிக்கவில்லை. "இருக்கட்டும். மாப்ள எங்கன கெடக்கான்னு தெரியணும்ல."

இரண்டு மாதம் கழித்து, தம்பி காலைப் பார்த்துக்கொள்ள ஓடைக்கு அக்கரையில் அவன் வீட்டுக்குப் போன ஒச்சம்மாவைக் கூட்டிவரக் கிளம்பினார். அவள் அங்கிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. பாதி தூரத்தில் பாதை ஒடிந்தது. பெரிய வளைவு. காசிமாயனோ கட்டுப் போட்டு வீட்டில் படுத்திருக்கிறான், இன்னும் இரண்டு மைல் தள்ளி. அப்படியானால் முன்னால் வருகிற யாரோ இவர் பேரைப் பதிந்திருக்கிறார்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு முள்ளுக்குள் இறங்கினார். காடு முழுக்க ஆள் சத்தம். பிள்ளையைத் தேடுகிற தாய், புருசனைக் கூப்பிடுகிற பெண்டாட்டி, கிழிந்த சேலையும் கீறின கையுமாக ஊரே புதருக்குள் நடந்துகொண்டிருந்தது. நடுக்காட்டில் ஒச்சம்மா எதிரே வந்தாள், தலையெல்லாம் சருகு.

"ஏம்ப்பா, நான் இந்தப் பக்கம் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"ஒன் பாதைதான் சொல்லுச்சு. என் பேரையும் எழுதிட்டியாக்கும்?"

"ஆமா."

"தொலைஞ்சா தேடுறதுக்கா? இல்ல, மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னா?"

ஒச்சம்மா அவர் சட்டையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். "நாளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கயேன்."

அந்தப் பக்கம், ஒரு டயர் தடம்கூட இல்லாமல் நகர்கல் பளபளத்துக் கிடந்தது. கீழே போட்டுவிட்டு வந்த சைக்கிளின் கைப்பிடி, கேட்க ஆளில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது: "பாதையில் இப்போது யாரும் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்."