முனவ்வறா மாமியின் வெள்ளிக்கிழமைக் குளிசை

“கையை எடுங்கோ மதினி! உம்மாட வாயில போற மருந்தைப் பறிக்கிறீங்களே... உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?”

வெள்ளி விடியுமுன், நோன்பு பிடிக்கச் சாப்பிடும் சஹர் நேரத்தில் றிம்ஸியா போட்ட சத்தத்தில் குசினியே அதிர்ந்தது. கைருன்னிஸா அசையவில்லை. மாமியாரின் உள்ளங்கையிலிருந்து எடுத்த குளிசையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். தாய்க்கு எருமைத் தயிரும் சோறும் குழைத்து, அதோடு குளிசையையும் விழுங்க வைத்து, சுபஹ் தொழுததும் படுக்க வைப்பது றிம்ஸியாவின் திட்டம். பாசம்தான், யார் இல்லையென்றது? விஷயம் தெரியாத பாசம்!

போன வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார் முனவ்வறா. எலும்பு தேய்ந்துவிட்டது என்று வவுனியா ஆஸ்பத்திரியில் கிழமைக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். நோன்பு மாதத்துக்காகப் புத்தளத்திலிருந்து தண்ணீரூற்றுக் கிராமத்துக்கு வந்த மகள் றிம்ஸியா, போன வெள்ளி நோன்பு திறக்கும்போது கண்டது இதைத்தான்: எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் கஞ்சியும், உம்மாவுக்கு மட்டும் ஒரு கிளாஸ் தண்ணீர்! “என்னைக் காய வைக்கிறாள்” என்று உம்மாவும் அழுதுவிட்டார். போதாதா?

“நாளைக்கே உம்மாவைப் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் நானா!” என்று அண்ணன் ஜெமீலிடம் சொன்னாள் றிம்ஸியா.

ஜெமீல் மனைவி கைருன்னிஸாவை முறைத்தான். “உம்மாவை நீ பட்டினி போடுறாய் எண்டு ஊர் கதைக்கோணுமோ?”

இவருமா! இடம்பெயர்ந்து இருந்த முகாமில் ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் சாப்பிட்ட மாமியை நானா பட்டினி போடுவேன்? கைருன்னிஸா மைத்துனியைப் பார்த்தே சொன்னாள்.

“மருந்து குடுக்கிற மிஸ் என்னை இருத்தி வைச்சுச் சொன்னவா. வெறும் வயித்தில, ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணியோட விழுங்கோணும். தயிர், பால், தேத்தண்ணி சேர்ந்தா மருந்து உடம்பில சுவறாது. விழுங்கினா அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கோணும். படுத்தா, குனிஞ்சா தொண்டைக்குள்ள புண்ணாக்கிப்போடும். நோன்புக்கு என்ன செய்யிறது எண்டும் கேட்டனான். நோன்பு திறக்கேக்க தண்ணியோட குடுத்து, அரை மணித்தியாலம் கழிச்சுக் கஞ்சி குடுங்கோ எண்டவா. இண்டைக்குப் பின்னேரம் நீயே குடு றிம்ஸியா. பிறகு முடிவெடு.”

பின்னேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் றிம்ஸியாவே குளிசையைக் கொடுத்தாள். மாமி முழுக் கிளாஸ் தண்ணீரையும் குடித்துவிட்டு, கதிரையில் இருந்தபடியே தொழுதார். றிம்ஸியா தன் கஞ்சியைக் குடித்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கண்டாள். கைருன்னிஸாவின் கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

“நீங்க ஏன் மதினி குடிக்கேல்ல?”

விம்மியபடி மாமிதான் பதில் சொன்னார்.

“அவள் எப்பிடிக் குடிப்பாள்? நான் வெறும் தண்ணியோட இருக்கிற நாளில அவளும் வெறும் தண்ணிதான்... நான் தின்னாமல் அவள் தின்னமாட்டாள். உனக்கு அதை நான் சொல்லேல்ல மகள்! கஞ்சி தாறாள் இல்லையெண்டு மட்டும் சொன்னனான். பசியில சொல்லிப்போட்டன்... அல்லாஹ் என்னை மன்னிக்கோணும்!”

வாசலில் நின்ற ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான். றிம்ஸியா அழுதபடி எழுந்தாள். “என்னை மன்னியுங்கோ மதினி... பெத்த மகள் நான், இப்பிடி ஒரு நாள் பாத்திருப்பனா? உம்மா உங்களோடயே இருக்கட்டும்!” என்று தாயின் மடியில் விழப் போனாள். கைருன்னிஸாவும் கண்ணீரோடு மாமியை நெருங்கினாள்.

“என்னட்ட வராதீங்கோ ரெண்டு பேரும்!” மாமி கையை உயர்த்தித் தடுத்தார். “இன்னும் நேரம் கிடக்கு, நான் குனியக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுங்கோ... நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

மதினியும் மைத்துனியும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுதார்கள். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூடத் தலை குனியாமல், முனவ்வறா மாமி கதிரையில் விறைப்பாக நிமிர்ந்து இருந்தார்.