மாரிகுப்பத்தில் உப்புத் தண்ணீர்

சுவரில் ஈரம் ஏறியிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் மண்தரையில் புழுதி பறந்தது. ஆனாலும் காலையில் கணுக்கால் உயரத்தில் தெரிந்த ஈரக்கோடு மத்தியானம் முழங்கால்வரை வந்து, சாயங்காலம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை மரியகுழந்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

பழவேற்காட்டுக் கரையில் பிறந்தவள் அவள். கடல் ஏறி இறங்கும் நேரம் உடம்புக்கே தெரியும். புயலன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது மகன் சவரியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அலை பிடுங்கிக்கொண்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் புருஷன் ராஜப்பா, கடல் எட்டாத ஊர் என்று சொல்லி, இந்தத் தங்கவயல் மாரிகுப்பத்துக்குக் கூட்டிவந்தான். இங்கே பிறந்தவள் லூயிசா, கைக்குழந்தை. அவளையும் இழந்தால் மரியகுழந்தை உயிரோடு இருக்கமாட்டாள்.

"இன்னாடி, கடலு மலை ஏறி வருமா?" மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய ராஜப்பா சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ போய்ட்டு வாய்யா. பாப்பாவ இடுப்ப விட்டு எறக்கமாட்டேன்."

மத்தியானம், சுரங்க மில்லில் ஓயாமல் கல் நொறுங்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் மெல்லக் கலந்தது. இழுத்து, கொஞ்சம் நின்று, புரண்டு விழும் சத்தம். கதவிடுக்கு வழியாக ஈர வலையின் வீச்சம் வந்தது. வெளியே வெயில் அப்படியே காய, வீட்டுக்குள் மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையை இறுக்கி அணைத்தாள். ஈரக்கோடு முழங்காலைத் தாண்டியது.

மில் சத்தம் அடங்கியது.

கால் நனைந்தது.

கதவு திறந்தது.

வாசலில் சவரி. அதே மூன்று வயது. தலைமுடியில் மணல். நீலம் பாரித்த உதடு. இரண்டு கையையும் நீட்டினான்.

"எம்மா... தூக்கும்மா."

இந்தக் குரலுக்காக அவள் அழாத நாளே இல்லை. "என் ராசா, வந்துட்டியாடா!" பாய்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள். சில்லிட்ட கன்னம் கழுத்தில் பதிந்தது. குட்டிக் கைகள் பின்னிக்கொண்டன.

இரண்டு கையாலும்.

குனிய முயன்றாள். கழுத்தில் கோத்த பிடி விடவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

தண்ணீர் முழங்காலுக்கு மேல் தெளிந்து நின்றது. அதன் அடியில், மண்தரையில், லூயிசா மல்லாந்து கிடந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.