நடுப்பக்கத்து எண்

காலை 9.10. கல்லூரிக் கணினி அறையின் உதவியாளர் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். நோட்டு இல்லை. கணினியைப் போட்டாள். அவளுடைய கோப்புகள் துடைத்துவிட்டதுபோல் காலி.

எட்டு மாத உழைப்பு. சும்மா கிடந்த கணினிகளை ஓடவிட்டு அவள் தேடிப் பிடித்த பகா எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே.

9.40. தகவல் பலகையில் அதே எண், கணித விரிவுரையாளர் பெயரில்.

"அது என்னோடது சார்!"

"தூசு தட்டுறவ பகா எண் கண்டுபிடிச்சாளாம்!" விரிவுரையாளர் சிரித்தார். "என்கிட்டேர்ந்து காப்பி அடிச்சிருக்கா. வேலையை விட்டே அனுப்பணும்."

இயக்குநர் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார். முன்பு போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்த, அதிகம் பேசாத பெண்மணி.

10.15. உதவியாளரிடம் தொடங்கினார்.

"நோட்டுல எப்படி எழுதியிருந்தீங்க?"

"நடுப்பக்கத்தை விரிச்சு, ரெண்டு பக்கத்துலயும் சேர்த்து மேடம். நடு இலக்கம் மட்டும் தையல் மேல வந்துடுச்சு."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"சார்கிட்ட மட்டும். சரிபார்த்துத் தாங்கன்னு."

அடுத்து விரிவுரையாளர்.

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"பத்து தடவை."

"பலகையில இருக்கறது முழு எண்ணா?"

"ஒரு இலக்கம்கூடக் குறையாது."

அதிகாரி பென்சிலோடு பலகை முன்னால் போய் நின்றார். எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

11.30. இயக்குநர் அறை.

"மொத்தம் அறுநூறு இலக்கம். சார், நீங்க சோதிச்சே பார்க்கல. இது பகா எண்ணே இல்ல."

"உங்களுக்கென்ன கணக்கு தெரியும்?"

"என் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குதான். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டணும். ரெண்டு கூட்டுத்தொகையும் சமமா வந்தா, எண் பதினொண்ணால வகுபடும். 1221-ஐப் பாருங்க. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கமும் மூணு. திருப்பிப் படிச்சாலும் மாறாத எண்ணுக்கு இரட்டைப்படையில இலக்கம் இருந்தா எப்பவும் இப்படித்தான். அதுல பதினொண்ணு மட்டும்தான் பகா எண்."

விரிவுரையாளர் குறுக்கிட்டார். "அச்சுப்பிழையா இருக்கும்."

"இல்ல சார். ரெண்டு பக்கத்தையும் பார்த்து எழுதினீங்க. தையலுக்குள்ள மாட்டியிருந்த இலக்கம் உங்க கண்ணுல படல. உங்களோட எண்தானே? சொல்லுங்க, நடுவுல என்ன?"

விரிவுரையாளர் தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏழு," என்றாள் உதவியாளர்.

அறுநூற்றோரு இலக்கங்களையும் கணினியில் ஏற்றினார்கள். ஒன்பது நிமிடம் ஓடியது. திரையில் விடை வந்தது: பகா எண்.

விரிவுரையாளர் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மன்னிச்சிடும்மா," என்றார் இயக்குநர். "திங்கட்கிழமையிலேர்ந்து கணினி அறைக்கு வர வேண்டாம். கணிதத் துறைக்கு வாங்க. ஆராய்ச்சி இடம் ஒண்ணு காலியா இருக்கு."

அவள் தாழ்வாரத்துக்கு வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, என் வேலை போயிடுச்சு."

"சரி விடு, பாத்துக்கலாம். அழாத, என்ன?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.