அண்ணி திருத்திய விடைத்தாள்

பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அண்ணி அதைக் கவனிக்காமல் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். சமையலறை வாசலில் நின்ற குட்டி, தரையைப் பார்த்தபடியே அந்தப் பேச்சைப் பேசி முடித்திருந்தாள்.

"கிளாஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க அண்ணி. நான் உங்களை மேடம்னு கூப்பிடறேன். அங்க நீங்க யாரோ, நான் யாரோ."

குட்டி கணவனின் தங்கை. கடைக்குட்டியாகப் பிறந்ததால் வந்த பெயர். அண்ணி முதுகலையில் சேர்ந்த கையோடு கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் படுத்த படுக்கை. குட்டிக்கு அப்போது பால் பற்கள்கூட விழ ஆரம்பிக்கவில்லை. யார் பார்த்துக்கொள்வது என்று பெரிய ஆலோசனை நடந்தது. ஆலோசனை முடிவதற்குள் அண்ணியே படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. குட்டிதான் இருக்கிறாளே என்று அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததும் இல்லை.

குட்டி பல்கலைக்கழகத்துக்குப் போன அதே வருஷம் அண்ணியும் விட்ட படிப்பைத் தொட்டாள். புள்ளியியல் துறையில் உதவியாளர் வேலையும் கிடைத்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்த வேண்டும். அதற்கு ஈடாக அவளுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. வேலை போனால் படிப்பும் போகும். அவளுடைய போதாத காலம், அந்த முதலாம் ஆண்டு வகுப்பில் குட்டியும் இருந்தாள்.

"வகுப்புல சொந்தக்காரங்க இருந்தா முன்னாடியே துறைத்தலைவர்கிட்ட சொல்லிடணும் குட்டி. அப்பத்தான் உன் தாளை வேற யாராவது திருத்துவாங்க. அது விதி."

"சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தலை நரைச்ச அப்புறம் படிக்க வந்திருக்காங்கன்னு இப்பவே உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. உங்களோட சேர்ந்து நானும் அசிங்கப்படணுமா?"

சொல்லிவிட்டு அழவும் ஆரம்பித்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டால் மாமியாருக்கு முழங்கால் வலி பறந்துவிடும். வேகமாக வந்து நின்றாள்.

"காலங்காத்தால புள்ளைய அழ வெச்சாச்சா? புரொபசரம்மாவுக்குக் குழந்தையோட கண்ணீரை விட விதி பெருசாப் போச்சு."

கணவன் மருந்துக்கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். "ஒரு வார்த்தை சொல்லாம இருந்தா உன் வாய் கோணிக்கப் போகுதா? நீ படிக்கப் போறேன்னப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த வீட்டில் பெரிய தர்மமாகக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தது. அண்ணி ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்வதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

குட்டி சொன்னபடியே நடந்துகொண்டாள். நடைவழியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி நடந்தாள். ஒருநாள் அண்ணி கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒருவன் பாதிக் குரலில் சொன்னான். "மேடம் பக்கத்துல வந்தா வெங்காய வாசனைடா."

வகுப்பே சிரித்தது. குட்டியின் சிரிப்பு எல்லோருடையதையும் விட உரக்கக் கேட்டது. அன்று காலை நறுக்கிய வெங்காயம் குட்டியின் டிபன் பாக்ஸுக்குத்தான் போயிருந்தது. அண்ணி அடுத்த கணக்குக்குப் போனாள்.

தேர்வு வந்தது. உதவியாளர்கள் உட்காருகிற நெருக்கடியான அறையில், கட்டுக்கட்டாகத் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்து அண்ணி திருத்தினாள். குட்டியின் தாளைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தாள். எடுத்துப் பார்த்தால், விடைகள் சரியாக இருந்தன. ஆனால் பல இடங்களில் வழிமுறை எழுதப்படவில்லை. இப்படி எழுதிய மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பாதி மதிப்பெண் போட்டிருந்தாள். குட்டிக்குப் போடப் போகையில் கை நின்றது. பாசத்தில் கை தாராளமாகிறதோ என்று பயம் வந்துவிட்டது. பூஜ்யம் போட்டாள். அடுத்த கணக்கிலும் அதேதான். திருத்தி முடித்தபோது நியாயமாக நடந்துகொண்டோம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பாவம், அவ்வளவு படித்தவளுக்கு அது நியாயமில்லை என்று தெரியவில்லை.

குட்டி நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தாள். ஆனால் அவள் ஆசைப்பட்ட ஆனர்ஸ் பிரிவு மயிரிழையில் தவறிப் போனது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் வேறொரு வம்பு வந்தது. தேர்வில் தோற்ற ஒரு மாணவன் இருமல் மருந்து வாங்க அவர்களுடைய கடைக்குப் போயிருக்கிறான். அண்ணி அங்கே கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் குட்டி, "அண்ணி" என்று ஏதோ கேட்டபடி நின்றிருந்தாள். மறுநாளே துறையில் புகார். வீட்டுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொள்கிறார்கள் என்று.

துறைத்தலைவர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். கோபப்படாமல் பேசுகிற மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

"ஒரே வீடுன்னு ஏன் சொல்லல? மறைக்கச் சொன்னது மாணவின்னா தேர்வு ரத்தாகும். உதவியாளர்னா வேலை போகும். யாரு சொன்னது?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் குட்டி முந்திக்கொண்டாள்.

"நான் சொல்லிடலாம்னுதான் சார் சொன்னேன். அண்ணிதான் வேண்டாம்னாங்க... சொன்னா என் தாளை அவங்க திருத்த முடியாதுன்னு."

ஜுரத்தில் கிடந்த நாட்களில் மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்று அழுத பிள்ளை, இப்போது கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் அண்ணியைப் பார்த்தார்.

"ஆமாம் சார். நான்தான்," என்றாள் அண்ணி.

"எல்லாத் தாளையும் நானே மறுபடி பார்க்கிறேன். அதுவரைக்கும் நீங்க வகுப்பு எடுக்க வேண்டாம்."

வீட்டில் மாமியார் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. "நல்லதாப் போச்சு. இனியாவது அடுப்பு நேரத்துக்கு எரியும்." கணவன் அவ்வளவு கொடியவன் இல்லை. ஆறுதலாகவே சொன்னான். "அவ சின்னப் பொண்ணு, எதிர்காலம் இருக்கு. நீ பழியை வாங்கிக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

மறு திருத்தம் முடிந்ததும் துறைத்தலைவர் இருவரையும் மறுபடி கூப்பிட்டார். அண்ணி சலுகை காட்டவில்லை என்றார். எல்லோருக்கும் கிடைத்த பாதி மதிப்பெண் ஒரே ஒரு தாளுக்குத்தான் கிடைக்கவில்லை, அது குட்டியின் தாள் என்றும் சொன்னார். மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டார். ஆனால் ஆனர்ஸ் இடங்கள் நிரம்பிவிட்டன. உறவை மறைத்த குற்றம் மட்டும் அப்படியே நின்றது. வாரக் கடைசியோடு அண்ணியின் வேலை முடிகிறது.

துறையில் களங்கத்தைத் துடைத்த அதே தாள் வீட்டில் அவளைக் குற்றவாளியாக்கியது. குட்டி அதைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் விசிறி எறிந்தாள்.

"பாருங்கம்மா. ஊருக்கெல்லாம் அள்ளிப் போட்டிருக்காங்க. எனக்கு மட்டும் பூஜ்யம்... எங்க நான் இவங்களைத் தாண்டிப் போயிடுவேனோன்னு வயித்தெரிச்சல்."

மாமியார் எழுந்து வந்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பெத்திருந்தா குறைக்கக் கை வந்திருக்குமா? வயித்துல சுமக்காதவளுக்கு எப்படிடி வலிக்கும்?"

கணவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி கீழே கிடந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பெத்த பொண்ணுன்னு நெனச்சேன் அத்தை. அதான் குறைச்சேன். யாரோன்னு நெனச்சிருந்தா சரியாப் போட்டிருப்பேன்."

பிறகு குட்டியின் பக்கம் திரும்பினாள். "குறைச்சது தப்பு. பயத்துல செஞ்சது, ஆனாலும் தப்புதான். உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா மறைக்கச் சொன்னது நான் இல்ல. அதை நாளைக்கு நீயே போய்ச் சொல்லிடு குட்டி."

"சொன்னா என் பரீட்சையே போயிடும்."

"சொல்லலேன்னா என் படிப்பே போயிடும். ஒரு தரம் போனது போதும்."

குட்டி தன் அறைப் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் சொல்றேன்," என்றாள் அண்ணி.

கணவன் நிமிர்ந்தான். "சொல்லிட்டு இந்த வாசப்படி மிதிக்காத. புள்ளையோட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

"சரிங்க."

அந்த ஒரு சொல்லை அவள் ஆயிரம் தடவை அவனிடம் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை அது வேறு மாதிரி கேட்டது. அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், சட்டென்று உள்ளே போய்விட்டான். மறுநாள் காலையில் எல்லோருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு, துணிகளை ஒரு பையில் அடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை.

துறைத்தலைவரிடம் நடந்ததைச் சொன்னாள். கேட்டது குட்டி, ஒத்துக்கொண்டது தான், அன்று பொய்யை ஆமோதித்ததும் தான் என்று எதையும் விடவில்லை. குட்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அவளுடைய தேர்வு ரத்தானது. அண்ணிக்குக் கடுமையான எச்சரிக்கையோடு வேலை மிஞ்சியது.

நடைவழியில் குட்டி அவளை மறித்தாள். "இப்ப திருப்தியா உங்களுக்கு?"

"இல்ல," என்றாள் அண்ணி. அதற்குமேல் பேசினால் அழுகை வந்துவிடும் என்று நடந்துவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ஒற்றைக் கட்டில், ஒற்றை அடுப்பு. முதல் நாட்களில் பழக்க தோஷத்தில் நாலு பேருக்குச் சமைத்துவிட்டு, பாத்திரத்தைப் பார்த்து அழுதாள். வீட்டிலிருந்து ஒரு விசாரிப்பும் இல்லை.

மறுதேர்வுக்கு முந்திய வாரம், பிள்ளைகள் சந்தேகம் கேட்க வருகிற நேரத்தில், உதவியாளர் அறைக்கு வெளியே வரிசையில் குட்டி உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். தன் முறை வந்ததும் உள்ளே வந்து, ஒரு கணக்கைக் காட்டினாள். அண்ணி மற்றவர்களுக்குச் சொல்வது போலவே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பாதியில் குட்டியின் கண்ணீர் தாளில் விழுந்து மை கலைந்தது.

"பொய் சொல்லிட்டேன் அண்ணி... உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். தூக்கமே வரமாட்டேங்குது."

அண்ணி எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

"வீட்டுக்கு வந்துடுங்க அண்ணி. வீடு வீடாவே இல்ல. அண்ணன் கடையில வாங்கிச் சாப்பிடறார். அம்மாவால முடியல. துணியெல்லாம் அப்படியே கிடக்கு."

"அதுக்காகவா குட்டி?"

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சாயங்காலம் என் ரூமுக்கு வா. மிச்சக் கணக்கையும் போட்டுடலாம். சாப்பிட்டுட்டுப் போ. வீட்டுக்கு மட்டும் கூப்பிடாத."

குட்டி புத்தகங்களை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள். "அண்ணன் கேட்டா என்ன சொல்றது?"

"அண்ணி படிக்கிறாங்கன்னு சொல்லு."

சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த பிள்ளையை உள்ளே வரச் சொன்னாள்.