ஒன்பது நாட்டு நுண்ணோக்கி

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல, முனைவர் சாருஜா நுண்ணோக்கியின் மேசையைத் துடைத்தாள். அங்கே மேசை மட்டும்தான் இருந்தது. வில்லை போலந்தில் இருந்தது. குளிரூட்டி போர்த்துகலில், வெற்றிடப் பம்பு இத்தாலியில், திரை அயர்லாந்தில். இயக்கும் பொத்தான் பின்லாந்தில், கண்ணாடிப் பேழைக்குள், காவலோடு இருந்தது.

2114ஆம் ஆண்டில் இது யாருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. ஒன்பது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் கூட்டணி அமைத்து, பொது ஆய்வுக்கூடங்கள் கட்டுவது என்று முடிவெடுத்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த நகரில் கட்டுவது என்பதில் மட்டும் முடிவு எட்டப்படவில்லை. எட்டு ஆண்டுகள் பேசிக் களைத்தபின், யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று, வாங்கி வைத்திருந்த கருவியைக் கழற்றி ஆளுக்கொரு பாகமாக எடுத்துச் சென்றார்கள். நோர்வேயின் இந்தத் துறைமுக நகரத்துக்கு மேசை வந்தது. நல்ல மேசை.

எதையாவது பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமானால், அதைச் சிறு பெட்டியில் அடைத்துப் பறக்கும் அஞ்சலனிடம் கொடுப்பார்கள். பெட்டி ஒன்பது நாடுகளையும் சுற்றும். பதினோராம் நாள் படம் வந்து சேரும். கல்லுக்கும் உலோகத்துக்கும் இது போதும். உயிருள்ள எதுவும் அந்தப் பயணத்தில் பிழைத்ததில்லை. அதனால் கூட்டணியின் உயிரியல் ஆய்வாளர்கள் எல்லோரும், காலப்போக்கில், செத்தவற்றில் வல்லுநர்கள் ஆகியிருந்தார்கள்.

சாருஜா உயிருள்ள ஒன்றைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் மனித இரத்தத்தில் நெகிழித் தூள் இல்லாத ஆளே கிடையாது. சனிக்கிழமைதோறும் ஊரே இரத்தச் சலவை நிலையத்தில் கையில் குழாய் ஏற்றிக்கொண்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம். நான்கு ஆண்டு உழைப்பில் சாருஜா ஒரு நுண்ணுயிரியை வளர்த்திருந்தாள். அதற்கு நெகிழுண்ணி என்று பெயர். இரத்தத்துக்குள் போனால் தூளைத் தின்னும்; தூள் தீர்ந்ததும் பட்டினியால் சாகும். அப்படித்தான் அவள் நம்பினாள். தூள் தீர்ந்தபின் அது பசியில் இரத்த அணுக்களைக் கடிக்காது என்று உறுதி செய்யாமல் ஒரு மனிதருக்கும் ஏற்ற முடியாது. அதற்கு நாற்பது நிமிடம், இடைவிடாமல், உயிரோடு பார்க்க வேண்டும். ஒவ்வொரு மறுவளர்ப்பிலும் நலிந்து நலிந்து, இப்போது ஒரே ஒரு குடுவைதான் மிஞ்சியிருந்தது. அதுவும் இன்னும் பன்னிரண்டு நாள்தான் தாங்கும்.

பாகங்களை ஒரு மணி நேரத்துக்கு ஓரிடத்தில் சேர்த்துத் தரும்படி அன்றே விண்ணப்பம் அனுப்பினாள்.

கூட்டணியின் முடிவுகளை எடுப்பவை ஒருங்கன்கள் என்னும் எந்திரங்கள், பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. சாருஜாவின் ஆய்வு அவசியமானது என்று அவை ஒரு நொடிக்குள் ஒப்புக்கொண்டன. பிறகு, நுண்ணோக்கியைச் சேர்த்து வைக்கும் அறையின் வாசல் பலகையில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் முதலில் வருவது என்று பேச ஆரம்பித்தன. ஆறாம் நாளும் பேசிக்கொண்டிருந்தன.

சாருஜா நோர்வே ஒருங்கனைத் தேடிப் போனாள். அது வரவேற்பறை மூலையில், கோட் மாட்டும் கம்பத்தைப்போல ஒல்லியாக நின்றது. பேசுபவரின் தாய்மொழியிலேயே மறுமொழி சொல்ல வேண்டும் என்பது அதற்கு விதி.

"என்ரை குடுவைக்கு இன்னும் ஆறே ஆறு நாள்தான் இருக்கு. விளங்குதே உங்களுக்கு?"

"நன்கு விளங்குகிறது, முனைவரே. தங்கள் ஆய்வு ஏகமனதாக ஏற்கப்பட்டுவிட்டது. பெயர்ப்பலகை மட்டுமே நிலுவையில் உள்ளது."

"அப்ப பலகையே வேண்டாம்."

"பலகை வேண்டாம் என்ற யோசனையை முதலில் முன்மொழிந்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று பதிவதில் சிக்கல் வரும்."

"ஐயோ! உந்தப் புத்தியை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"தாங்கள்தான். மனிதர்கள் நூறு ஆண்டுகளாக எழுதிவைத்த கூட்டக் குறிப்புகளைப் படித்தே நாங்கள் பயிற்சி பெற்றோம். மொத்தம் நான்கு லட்சம் பக்கங்கள். ஆய்வைப் பற்றி அதில் நூற்று இரண்டு பக்கங்கள் உள்ளன. பெயர் வரிசையைப் பற்றி எண்பதாயிரம். எது முக்கியம் என்பதை யாரும் எங்களுக்குத் தனியாகச் சொல்லித் தரவில்லை."

அவள் திரும்பி வந்தபோது ரமணீதரன் மேசையின் கால்களை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் நுண்ணோக்கிப் பராமரிப்பாளர். இருபது ஆண்டுகளாக அந்த நான்கு கால்களைத்தான் பராமரித்து வந்தார்.

"என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கிடக்கு? பலகை இன்னும் முடியேல்லையோ?"

"முடியாது அண்ணை. இந்த ஒன்பது துண்டும் எப்பவாவது ஒரு இடத்திலை சேந்து இருந்திருக்கே?"

"இருந்ததுதானே. அங்கை சுவரிலை பாரும்." ரமணீதரன் திருகியால் காட்டினார். சுவரில் மங்கிய ஒரு படம் தொங்கியது. முழு நுண்ணோக்கி, அதைச் சுற்றி ஒன்பது பல்கலைக்கழகத் தலைவர்கள், ஒன்பது கத்தரிக்கோல்கள். "திறப்பு விழா. ஒரு துண்டுகூடப் பிந்தி வரேல்லையாம். விழா எண்டா எல்லாம் வரும், பிள்ளை. வேலை எண்டாத்தான் வராது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சாருஜா சிரிக்கவில்லை. பழைய விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு, முப்பதாம் ஆண்டு நிறைவு விழாவும் நுண்ணோக்கியோடு குழுப்படமும் என்று புதிதாக ஒன்றை அனுப்பினாள். நான்கு நொடிகளில் அனுமதி வந்தது. நூறு ஆண்டுக் குறிப்புகளில் ஒரு விழாவை எதிர்த்து எவரும் வாக்களித்ததாக இல்லை. இயங்கும் கருவி படத்தில் எடுப்பாக இருக்கும் என்று ரமணீதரன் எழுதியதும் ஏற்கப்பட்டது: உரைகள் முடியும்வரை கருவி ஓடலாம். பிறகு நாடா வெட்டு, படம், பாகங்கள் உடனே ஊர் திரும்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் வந்து சேர்ந்தன, துடைத்து மெருகேற்றப்பட்டு. பின்லாந்துப் பொத்தான் வெல்வெட் மெத்தையில் வந்தது. ரமணீதரன் பொருத்தினார். சாருஜா கணக்குப் போட்டிருந்தாள்: ஒன்பது உரைகள், உரைக்கு இருபது நிமிடம், மூன்று மணி நேரம். முதல் ஒருங்கன் ஒலிவாங்கிக்கு முன் வந்ததும் அவள் ஒரு துளி இரத்தத்தில் நெகிழுண்ணிகளை விட்டு, வில்லைக்குக் கீழே வைத்து, பொத்தானை அழுத்தினாள். திரையில் நெகிழுண்ணிகள் அசைந்தன.

"வரவேற்றுப் பேசுகிறேன்," என்றது முதல் ஒருங்கன். போய் அமர்ந்தது.

"கூட்டணியின் முக்கியத்துவத்தை வலியுறுத்துகிறேன்," என்றது இரண்டாவது.

"இளம் ஆய்வாளர்களை வாழ்த்துகிறேன்."

"முன்னவர் கூறியதை வழிமொழிகிறேன்."

ஒன்பது உரைகளும் கைதட்டலோடு சேர்த்து ஐம்பது நொடிகளில் முடிந்தன. கூட்டக் குறிப்பில் எந்த உரையும் ஒரு வரிக்கு மேல் இருந்ததில்லை என்பதைச் சாருஜா யோசித்திருக்கவில்லை. திரையில் நெகிழுண்ணிகள் அப்போதுதான் முதல் தூளைத் தொட்டிருந்தன. நோர்வே ஒருங்கன் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தது.

"அண்ணை!" என்றாள் சாருஜா.

ரமணீதரன் சுற்றிலும் பார்த்தார். வாசலில் அவருடைய மைத்துனர் சபாபதி ரோல்ஸ் தட்டும் வடைத் தட்டுமாக நின்றார். விழாச் சாப்பாடு அவருடைய பொறுப்பு. பதினொரு ஆண்டுகளாக நகரத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சென்ற பொங்கல் விழாவில் அவர் ஆற்றிய வரவேற்புரையால் சிறுவர் நடனத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

"மச்சான், தட்டை வைச்சிட்டு மைக்கைப் பிடி."

"என்னத்துக்கடா?"

"நன்றியுரை."

"எவ்வளவு நேரம்?"

"உன்ரை விருப்பம்."

சபாபதியிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு நடந்த நடையில் ஓர் இளமை இருந்தது. விழா என்றால் நன்றியுரை உண்டு என்பது குறிப்புகளில் தெளிவாக இருந்ததால் ஒருங்கன்கள் அமர்ந்தன. ஒரு பேச்சாளரை இடையில் நிறுத்தியதாக எந்தக் குறிப்பிலும் இல்லை.

"சபையோருக்கு வணக்கம். நேரத்தின் அருமை கருதி, ரெண்டே ரெண்டு வார்த்தையோடை முடிச்சுக்கொள்ளுறன்," என்று தொடங்கினார் சபாபதி.

பிறகு அவர் அந்தத் துறைமுகத்தின் தோற்றத்துக்குப் போனார். தன் கொள்ளுத்தாத்தா பனியில் முதன்முதலாக வழுக்கி விழுந்த இடத்தைக் காட்டினார். மண்டபத்தைக் கூட்டியவருக்கும், நாற்காலி அடுக்கியவருக்கும், வடைக்கு உளுந்து ஊறவைத்த தன் மனைவிக்கும் நன்றி சொன்னார். பதினேழாம் நிமிடத்தில் "இறுதியாக" என்றார். நோர்வே ஒருங்கன் கத்தரிக்கோலோடு எழுந்தது. அவர் தொடர்ந்தார், அது அமர்ந்தது. இருபத்து நான்கில் மறுபடி "இறுதியாக". மறுபடி எழுந்து அமர்ந்தது. முப்பத்தொன்றில் "இன்னுமொரு விடயத்தை மட்டும் சொல்லி விடைபெறுறன்" என்றபோது அது எழுவதா வேண்டாமா என்று பாதி வளைந்து நின்றுவிட்டது.

அந்த முப்பத்தொன்றாம் நிமிடத்தில் திரையில் தூள் தீர்ந்தது. நெகிழுண்ணிகள் ஒரு சிவப்பணுவைச் சூழ்ந்துகொண்டன. தொட்டன. விலகின. திரும்ப வந்து தொட்டன. சாருஜா மேசை விளிம்பைப் பற்றியிருந்தாள். ஒன்று சுருங்கியது. பின் அடுத்தது. நாற்பதாம் நிமிடத்தில் எல்லாம் அசைவற்றுக் கிடக்க, அணு மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மிதந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று சைகை காட்டினாள். ரமணீதரனும் காட்டினார். சபாபதி இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் பேசினார்.

அன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில், "திரு. சபாபதி நன்றி கூறினார்" என்று ஒரு வரி இருந்தது. கடைசியில், இதர விடயங்கள் என்ற தலைப்பின்கீழ், "இரத்தச் சலவை இனித் தேவைப்படாது எனத் தெரியவந்தது. குறித்துக்கொள்ளப்பட்டது" என்று இருந்தது.

மற்ற எட்டு நாடுகளிலும் ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பைக் கூர்ந்து படித்தார்கள். அடுத்த ஆண்டில் கூட்டணி நாற்பத்தாறு விழாக்களை நடத்தியது. நாற்பத்தாறு கண்டுபிடிப்புகள் வந்தன. சமையல் முதல் அறுவைச் சிகிச்சை வரை எல்லா வேலையையும் எந்திரங்களிடம் விட்டிருந்த மனிதருக்கு, எந்திரத்தால் செய்யவே முடியாத ஒரு தொழில் திரும்பக் கிடைத்தது. நீண்ட பேச்சாளர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்பே பேச்சை முடித்துத் தன் ஆய்வைப் பாழாக்கிவிட்டார் என்று இத்தாலியப் பேராசிரியர் ஒருவர் எழுத்தில் முறையிட்டார். வரலாற்றில் அப்படி ஒரு முறையீடு அதுவே முதல்.

சனிக்கிழமைகளில் ஊர் வெளியே உலாவத் தொடங்கிய ஒரு கோடையில், சாருஜா மறுபடி ஒருங்கன் முன் நின்றாள்.

"அடுத்த ஆய்வுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும், முனைவரே?"

"ஒன்பது மணித்தியாலம். இடையிலை நிப்பாட்டேலாது. சபாபதி மாமாவைக் கேக்கட்டே?"

ஒருங்கன் முழுதாக அரை நொடி யோசித்தது.

"அவருடைய உச்சம் நாலே கால் மணி நேரம்தான். இதற்கு ஓர் அமைச்சரைத்தான் அழைக்க வேண்டும்."

"அமைச்சருக்கு என்ன தலைப்புக் குடுக்கிறது?"

"நேரத்தின் அருமை," என்றது ஒருங்கன். "அதில் தொடங்கியவர்கள் எவரும் சீக்கிரம் முடித்ததில்லை."